உங்கள் ஓட்டு எப்படிக் காக்கப்படுகிறது: வாக்காளர் பட்டியலிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2021 ஏப்ரல் 6 அன்று தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடந்தது. அன்று சென்னை வேளச்சேரியில் வாக்குப்பதிவு இயந்திரங்களையும் போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியையும் இருசக்கர வாகனத்தில் எடுத்துச் சென்றவர்களைப் பொதுமக்கள் மறித்து நிறுத்தினார்கள். எடுத்துச் சென்றவர்கள் தேர்தல் பணியில் இருந்த ஊழியர்கள்தான். ஆனால் அந்த விவிபாட், அன்று ஒரு சாவடியில் சிறிது நேரம் பயன்பாட்டில் இருந்து பிறகு மாற்றப்பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. 92-ஆம் எண் வாக்குச்சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடத்தத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

யாரும் ஓட்டை மாற்றிவிட்டதாக நிரூபணம் ஆகவில்லை. அந்தக் கருவி போகக்கூடாத வழியில், போகக்கூடாத வண்டியில் போனது என்பதே மறுவாக்குப்பதிவுக்குப் போதுமானதாக இருந்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தேர்தலில் தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் பாதி வேலை. நடக்கவில்லை என்பதைத் தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் வகையில் காட்டுவது மீதிப் பாதி. இந்தியத் தேர்தல் நடைமுறையில் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்க்கட்சிக்காரரை அழைத்து, கண்ணெதிரே செய்து, கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். அந்தக் கையெழுத்தைப் போடும் இடத்தில் ஆள் இல்லாவிட்டால், இருப்பவர் படிக்காமல் போட்டுவிட்டால், எத்தனை முத்திரை வைத்தாலும் பயன் குறைவு.

வாக்காளராக மட்டும் இருப்பவர்களுக்கும், முதல்முறை பூத் ஏஜென்ட்டாக, அதாவது சாவடியில் வேட்பாளர் தரப்பில் இருந்து கவனிப்பவராக, உட்காரப் போகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல் கட்டம்: பட்டியல்

ஓட்டுத் திருட்டு என்று பேச்சு எழுந்தால் எல்லோருடைய சந்தேகமும் இயந்திரத்தின் மேல் போகிறது. சாதாரண வாக்காளர் ஒருவர் தன் ஓட்டை இழக்க அதிக வாய்ப்புள்ள இடம் வாக்காளர் பட்டியல் என்பதே என் கருத்து. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடங்களில் பெயர் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி சரியான நீக்கமாகவே இருக்கலாம். ஆனால் உயிரோடு அதே வீட்டில் இருக்கும் ஒருவர் தவறாக நீக்கப்பட்டிருந்தால், அதைச் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

எனவே முதல் வேலை, வாக்காளர் அடையாள அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதல்ல; பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லையென்றால், ஆணையம் அனுமதித்த ஆதார், பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள வங்கிப் புத்தகம் போன்ற வேறு ஆவணத்தைக் காட்டிப் போடலாம். ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் பெயரைத் தேடி, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர் சேர்க்கப் படிவம் 6. ஒருவரின் பெயரைச் சேர்ப்பதற்கு ஆட்சேபம் சொல்லவோ நீக்கக் கோரவோ படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும், அங்கும் தீராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நேரம் கடந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடம் தராது. வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாசலில் நின்று அதிகாரியிடம் எவ்வளவு சண்டை போட்டாலும், அவருக்கு அதைச் சரிசெய்யும் அதிகாரம் கிடையாது.

கட்சிகளும் இங்கேதான் அதிகம் கோட்டை விடுகின்றன. வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு இணையாக ஒவ்வொரு கட்சியும் வாக்குச்சாவடி நிலை முகவர் ஒருவரை நியமிக்கலாம். இருவரும் சேர்ந்து தெருத்தெருவாகப் போய், இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் யார் என்று சரிபார்த்தால் கள்ள ஓட்டுக்கான வழி பெருமளவு அடைபட்டுவிடும். வாக்குப்பதிவு நாளில் இந்தப் பட்டியல் சாவடி அதிகாரியின் மேசையில் தனியாக இருக்கும். அதில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது வந்தால் கூடுதல் சோதனை உண்டு.

இரண்டாம் கட்டம்: இயந்திரம் சாவடிக்கு வரும் முன்

இயந்திரம் என்று நாம் சொல்வது மூன்று கருவிகள் சேர்ந்தது. அதிகாரியின் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. மறைவிடத்தில் நீங்கள் பொத்தானை அழுத்துவது வாக்குப்பதிவுக் கருவி. அதன் பக்கத்தில் நிற்பது, சீட்டு அச்சிடும் விவிபாட். பெங்களூரைச் சேர்ந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்தைச் சேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. இணையம், புளூடூத், வைஃபை என எந்த வெளித் தொடர்பும் இவற்றுக்குக் கிடையாது. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டபோது, சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலிலிருந்து நாடு முழுவதும் இயந்திரம்தான்.

வெளியிலிருந்து தொடர்பு கொள்ள முடியாது என்பதால் இயந்திரத்தை எதுவுமே செய்ய முடியாது என்று ஆகிவிடாது. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்க்ரைப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அப்போதைய இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பாகங்களை மாற்றினால் முடிவையும் மாற்ற முடியும் என்று காட்டினார்கள். ஆணையம் அதை ஏற்கவில்லை. இயந்திரங்களும் அதன்பின் பல வகையில் மாறிவிட்டன. என்றாலும் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மாறவில்லை: இயந்திரம் யார் கையில், எவ்வளவு நேரம், எந்தச் சாட்சியும் இல்லாமல் இருந்தது என்பதே கேள்வி. இனி வரும் எல்லா நடைமுறையும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

தேர்தலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கும். கட்சிப் பிரதிநிதிகளை எழுத்து மூலம் அழைத்து, அவர்கள் முன்னிலையில் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒவ்வொரு கருவியையும் சோதிப்பார்கள். கட்சிக்காரர்கள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கும் 5 சதவீத இயந்திரங்களில் மாதிரி வாக்குகள் போடப்படும்: 1 சதவீதத்தில் தலா 1,200 வாக்கு, 2 சதவீதத்தில் தலா 1,000, இன்னும் 2 சதவீதத்தில் தலா 500. தேறிய கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் இளஞ்சிவப்பு நிறக் காகித முத்திரை ஒட்டப்படும். நாசிக் அச்சகத்தில் அச்சான, எண்ணிட்ட முத்திரை அது. அதன் மேல் கட்சிப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போடலாம். இதற்குப் பிறகு உள்ளே இருக்கும் பாகத்தைத் தொட வேண்டுமானால் அந்த முத்திரையைக் கிழித்தாக வேண்டும்.

அடுத்து கணினி வழிக் குலுக்கல். முதல் குலுக்கலில் எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு என்று முடிவாகும். இரண்டாவது குலுக்கலில் எந்தச் சாவடிக்கு என்று முடிவாகும். இதன் அருமை பலருக்குப் புரிவதில்லை. வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே எந்த வேட்பாளர் எத்தனையாவது பொத்தானில் வருவார் என்று தெரியும். இயந்திரத்தைத் தயாரித்தவருக்கோ சரிபார்த்தவருக்கோ அது எந்த ஊருக்குப் போகும் என்பதும் தெரியாது, அங்கே மூன்றாவது பொத்தான் யாருடையது என்பதும் தெரியாது. குலுக்கல் முடிந்ததும் இயந்திர எண்களின் பட்டியல் வேட்பாளர்களுக்குத் தரப்படும். ஏஜென்ட்டுகளே, இந்தப் பட்டியலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எண்ணிக்கை நாள் வரை உங்களுக்கு இது வேண்டும்.

பிறகு சின்னம் பொருத்தும் நாள். வாக்குப்பதிவுக் கருவியில் வேட்பாளர் பட்டியலை வைப்பதும், விவிபாட்டில் சின்னங்களை ஏற்றுவதும் அன்றுதான். ஒரு கருவியில் நோட்டா உட்பட 16 பெயர்கள் அடங்கும். அதற்கு மேல் போனால் கருவிகளை வரிசையாக இணைப்பார்கள். 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் போட்டியிட்டதால் ஒரு சாவடிக்கு 12 கருவிகள் தேவைப்பட்டன. (காகித வாக்குச்சீட்டுக் காலத்தில், 1996-இல் நம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது.)

சின்னம் ஏற்றும்போது மட்டும் வெளியிலிருந்து ஒரு சிறு கருவி விவிபாட்டுடன் இணைகிறது. விமர்சகர்கள் சுட்டிக்காட்டும் முக்கியமான இடம் இது; நியாயமான கவலைதான். எனவே ஏற்றப்படும் சின்னங்கள் அங்கேயே திரையில் வேட்பாளர் தரப்புக்குக் காட்டப்படுகின்றன. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அந்தச் சின்னம் ஏற்றும் கருவிகளும் முத்திரையிடப்பட்டு, முடிவு வெளியான பின் 45 நாட்கள் பாதுகாக்கப்பட வேண்டும். சின்னம் பொருத்தும் நாளுக்கு ஆள் அனுப்பாத வேட்பாளர், பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது அவர் குரலுக்கு வலு குறைந்துவிடுகிறது.

மூன்றாம் கட்டம்: அதிகாலை மாதிரி வாக்குப்பதிவு

முழு நடைமுறையிலும் ஏஜென்ட்டுகள் தவறவிடவே கூடாத நேரம் இது. வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்குகிறது என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30 மணிக்கு. குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் இருக்க வேண்டும். வராவிட்டால் 15 நிமிடம் காத்திருந்துவிட்டு அதிகாரி தொடங்கிவிடலாம். 6.30-க்கு டீ குடித்துவிட்டு வந்து, எங்களை விட்டுவிட்டுத் தொடங்கிவிட்டார்கள் என்று சத்தம் போடும் ஏஜென்ட்டுக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை.

முதலில் இயந்திரத்தின் எண்ணை உங்கள் கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். இளஞ்சிவப்பு முத்திரை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் எந்த வேட்பாளருக்கும் வாக்கு இல்லை என்று காட்டுவார்கள். விவிபாட்டின் சீட்டு விழும் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டுவார்கள். பிறகு எல்லா வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் சேர்த்துக் குறைந்தது 50 வாக்குகள் போடப்படும். யார் யாருக்கு எத்தனை போட்டார்கள் என்று நீங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று பொத்தான்கள், வரிசை மாறாமல்: குளோஸ், ரிசல்ட், கிளியர். குளோஸ் அழுத்தினால் மாதிரி வாக்குப்பதிவு முடிகிறது. ரிசல்ட் அழுத்தினால் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணிக்கை வரும். உங்கள் தாளோடும், பெட்டியில் விழுந்த சீட்டுகளோடும் ஒத்துப்போக வேண்டும். கிளியர் அழுத்தினால் எல்லாம் அழிந்து சுழியம் ஆகும். பெரும்பாலான குழப்பம் இந்தக் கடைசிப் பொத்தானில்தான் பிறக்கிறது. பதற்றத்தில் அதிகாரி கிளியர் அழுத்த மறந்துவிட்டால், அந்த 50 வாக்குகளும் உண்மையான வாக்குகளோடு கலந்துவிடும். எண்ணும் நாளில் போட்டவர்களைவிட ஓட்டு அதிகம் என்ற தலைப்புச் செய்திக்கு இது ஒன்றே போதும். கிளியர் அழுத்திய பின் டோட்டல் பொத்தானை அழுத்தச் சொல்லி, சுழியத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

மாதிரிச் சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடி, தனியாக வைப்பார்கள். விவிபாட் பெட்டி காலியாகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் ரிசல்ட் பகுதி பச்சை நிறக் காகித முத்திரையால் மூடப்படும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, முத்திரையில் கையெழுத்துப் போடுங்கள். மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழைப் படித்துப் பார்த்த பிறகு அதிலும் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காம் கட்டம்: ஓட்டுப் போடும் நேரம்

உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். ஏஜென்ட்டுகளின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே இந்தச் சத்தம். இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் அழியா மை வைத்து, 17-ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுத் தருவார். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தயாரித்துத் தரும் மை அது. வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சத்தில் கறுத்துவிடும். மூன்றாவது அலுவலர் சீட்டை வாங்கி, மையைப் பார்த்து, கட்டுப்பாட்டுக் கருவியில் பேலட் பொத்தானை அழுத்துவார். அதன் பிறகே உங்கள் கருவி ஓர் ஓட்டுக்குத் திறக்கும். பொத்தானை அழுத்தியதும் விவிபாட்டின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும். பீப் சத்தம் கேட்டதுமே நகர்ந்துவிடாதீர்கள். அந்த 7 விநாடி நின்று பாருங்கள். இயந்திரத்துக்கு வெளியே உங்கள் ஓட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சீட்டு. அது சரியாக அச்சானதா என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமே.

வேறு சின்னம் அச்சாகியிருந்தால் அங்கேயே அதிகாரியிடம் சொல்லலாம். தேர்தல்களை நடத்தும் விதிகளில் 49-எம்.ஏ. என்ற விதி இதற்காகவே இருக்கிறது. எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கி, அதிகாரி, ஏஜென்ட்டுகள் முன்னிலையில் உங்களைச் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் உண்மையென்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு உடனே நிறுத்தப்படும். பொய்யென்றால் வழக்கு வரும். இந்தத் தண்டனை, உண்மையாகவே பிழையைப் பார்த்தவரையும் வாய் திறக்கவிடாமல் செய்துவிடும் என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. வேண்டுமென்றே ஏமாற்றியவருக்கும் கண் தடுமாறியவருக்கும் விதி வேறுபாடு காட்ட வேண்டும்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டால் வீடு திரும்பிவிடாதீர்கள். அடையாளத்தை நிரூபித்தால் விதி 49-பி-யின்படி (ஆங்கில எழுத்து P) காகித வாக்குச்சீட்டு தருவார்கள். டெண்டர் ஓட்டு என்று சொல்வது இதைத்தான். அது இயந்திரத்தில் பதியாது. தனி உறையில் போகும். வழக்கமான எண்ணிக்கையிலும் சேராது. வழக்கு என்று வந்தால் அதுவே ஆதாரம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் வெற்றி வித்தியாசம் ஒரே ஓர் ஓட்டு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உறை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வந்தவர் உண்மையான வாக்காளர் இல்லை என்று ஏஜென்ட்டுக்குச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அதிகாரி அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். இது சேலஞ்ச் ஓட்டு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் வாட்ஸ்அப் தகவல்கள் ஒவ்வொரு தேர்தலிலும் சுற்றுகின்றன.

மாலை மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் ஓட்டு உண்டு. அவர்களுக்கு எண்ணிட்ட சீட்டு தருவார்கள், வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி. பின்னால் யாரும் புதிதாக வந்து ஒட்டிக்கொள்ள முடியாது.

ஐந்தாம் கட்டம்: படிவம் 17-சி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாக்காளர் போனதும் குளோஸ் பொத்தான் அழுத்தப்படும். அதற்கு மேல் இயந்திரம் ஓட்டு ஏற்காது. சாவடியின் தலைமை அலுவலர் 17-சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்புவார். சாவடியில் மொத்த வாக்காளர் எத்தனை, 17-ஏ பதிவேட்டில் எத்தனை பேர், கையெழுத்துப் போட்டும் ஓட்டுப் போடாதவர் எத்தனை, சோதனை ஓட்டு எத்தனை, இயந்திரம் காட்டும் மொத்தம் எத்தனை, இயந்திரங்களின் எண், காகித முத்திரைகளின் எண் எல்லாம் அதில் இருக்கும். சாவடியில் இருக்கும் ஒவ்வோர் ஏஜென்ட்டுக்கும் அதன் நகலைத் தர வேண்டும் என்பது விதி. கேட்டால் தருவோம் என்ற சலுகை அல்ல.

நகலை வாங்குமுன் கூட்டிப் பாருங்கள். பதிவேட்டுக் கணக்கும் இயந்திரக் கணக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் காரணம் அங்கேயே எழுதப்பட வேண்டும். அன்று இரவு ஆணையத்தின் செயலியில் வரும் வாக்குப்பதிவு சதவீதம் தோராயமானது. இறுதி சதவீதம் மாறும்போது சந்தேகம் கிளம்புவது இயல்பு. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் தாள் ஏற்கெனவே ஏஜென்ட்டின் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு கட்சி தன் தொகுதியின் எல்லா 17-சி நகல்களையும் கூட்டினால், தொகுதியின் மொத்த வாக்கு எத்தனை என்று யாருடைய தயவும் இல்லாமல் அறியலாம்.

இந்த விவரங்களை ஆணையமே சாவடி வாரியாக உடனே இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2024 தேர்தலின்போது உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். தேர்தல் நடந்துகொண்டிருந்ததால் நீதிமன்றம் அப்போது இடைக்கால உத்தரவு தரவில்லை. வெளியிடுவதே நல்லது என்பது என் எண்ணம். ஏஜென்ட்டுக்குத் தரக்கூடிய கணக்கு வாக்காளருக்கும் தரக்கூடியதே.

ஆறாம் கட்டம்: பாதுகாப்பு அறை

இயந்திரங்கள் காவலுடன் சேகரிப்பு மையத்துக்குப் போகும். ஏஜென்ட்டுகள் தங்கள் வண்டியில் பின்தொடரலாம். பயன்படுத்திய இயந்திரம் ஓர் இடம், பயன்படுத்தாத உபரி இயந்திரம் வேறோர் இடம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போனால் வதந்திக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். அறைக்கு ஒரே வாசல், இரட்டைப் பூட்டு, மத்தியக் காவல் படையின் காவல், கண்காணிப்புக் கேமரா எல்லாம் உண்டு. பூட்டின் மேல் வேட்பாளர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். வெளியே பந்தல் போட்டு ஆள் வைத்துக் காவல் இருக்கலாம்.

இத்தனை இருந்தும் சறுக்கல்கள் நடக்கின்றன. 2019 ஏப்ரலில் மதுரை மருத்துவக் கல்லூரி மையத்தில், தேர்தல் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் ஓர் அதிகாரி உரிய அனுமதியின்றிப் போய்வந்தார். இயந்திரங்கள் இருந்த அறை அது அல்ல. ஆனாலும் பணியிடை நீக்கங்கள் நடந்தன. மாவட்ட ஆட்சியரை மாற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் நீலகிரி மையத்தில் கேமராக் காட்சிகள் சுமார் 20 நிமிடம் திரையில் வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று நிர்வாகம் அன்றே விளக்கம் சொன்னது. இப்படி நேரும்போது அதிகாரி செய்ய வேண்டியது, வேட்பாளர்களின் ஆட்களை அழைத்துப் பூட்டையும் முத்திரையையும் உடனே காட்டுவது. மறுநாள் வரும் அறிக்கைக்கு அதில் பாதி மதிப்பும் இல்லை.

ஏழாம் கட்டம்: எண்ணிக்கை

காலை 8 மணிக்கு அஞ்சல் வாக்குகள். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். 2016-இல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பம் சரியில்லை என்று நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகள் பற்றி வழக்கு நடந்தது. 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறு எண்ணிக்கையும் நடந்தது. அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சில நூறு அஞ்சல் வாக்குகளை ஓரமாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்று, அஞ்சல் வாக்குகள் எண்ணி முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணையம் விதித்தது சரியான முடிவு.

எண்ணும் மேசையில் ஏஜென்ட்டின் வேலை எளிது, ஆனால் கவனம் சிதறக்கூடாது. மேசைக்கு வரும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண், முத்திரை எண், மொத்த வாக்கு மூன்றையும் உங்கள் 17-சி நகலோடு ஒப்பிட்ட பிறகே ரிசல்ட் பொத்தானை அழுத்த விடுங்கள். ஒன்று மாறினாலும் அப்போதே எழுத்தில் ஆட்சேபம் தாருங்கள். எண்களைத் தாளில் ஏற்றும்போதும் பாருங்கள், மனிதக் கை தவறும் இடம் அதுதான். 2022-இல் ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் நடந்த ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தலில், இயந்திரங்களை உச்ச நீதிமன்றமே வரவழைத்து 2025-இல் எண்ணவைத்தபோது, தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 ஓட்டில் வென்றிருந்தார்.

இயந்திர எண்ணிக்கை முடிந்ததும் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்படும். முன்பு 1 சாவடியாக இருந்ததை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5 ஆக உயர்த்தியது. வங்கிக் காசாளர் கூண்டுபோல் கம்பிவலை அடித்த இடத்தில், அந்த 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறினால் சீட்டுக் கணக்கே செல்லும். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 தீர்ப்பு ஏற்கவில்லை.

பணம் என்ற தனிப் பிரச்சினை

தமிழ்நாட்டில் தேர்தலைக் கெடுத்ததற்கு ஆவணச் சான்று உள்ள ஆயுதம் பணம்தான். பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிப்போய் நவம்பரில் நடந்தன. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி டிசம்பர் 21 அன்று நடந்தது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. பறக்கும் படை, நிலைக் கண்காணிப்புக் குழு, உரிய ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் சென்றால் பறிமுதல் என்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன. சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் தந்தால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று ஆணையம் உறுதி தருகிறது. வியாபாரிகளும் விவசாயிகளும் சாலையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். பட்டுவாடா செய்கிறவர்கள் தெருவுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். இந்த நிலை மாற வேண்டும்.

பணம் கொடுத்தவர் கணக்குப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. முடிவுகள் சாவடி வாரியாக வெளியாவதால், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று பிறகு தெரிந்துவிடுகிறது. பல சாவடிகளின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைச் சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. சாவடி வாரிக் கணக்கு வெளியாவதால்தான் 17-சி-யோடு ஒப்பிட முடிகிறது. இரண்டையும் எடைபோட்டால், சிறு கிராமங்களில் ரகசியம் காப்பதே முதன்மை என்று நான் நினைக்கிறேன். ஒப்பிடும் உரிமையை எண்ணும் மேசையிலுள்ள ஏஜென்ட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் கட்டம்: முடிவுக்குப் பின் 45 நாட்கள்

தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குத் தொடர 45 நாட்கள் அவகாசம் உண்டு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு உயர் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். அதுவரை இயந்திரங்களும் சீட்டுகளும் பூட்டிய அறையில் இருக்கும். 2024 தீர்ப்பு இன்னொரு வழியும் தந்திருக்கிறது: இரண்டாவது, மூன்றாவது இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வெளியான 7 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்களைக் கொண்டு சரிபார்க்கக் கோரலாம். எந்தச் சாவடி இயந்திரம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். முறைகேடு தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இங்கே அண்மைக் காலத்தில் பின்னடைவும் நேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பரில் தேர்தல்களை நடத்தும் விதிகளில் 93-ஆம் விதி திருத்தப்பட்டு, கேமராப் பதிவுகள் போன்றவற்றைப் பொதுமக்கள் பார்வையிடும் உரிமை சுருக்கப்பட்டது. வழக்கு இல்லாவிட்டால் 45 நாட்களுக்குப் பிறகு பதிவுகளை அழிக்கலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. வாக்காளரின் அந்தரங்கத்தைக் காக்க இது தேவை என்கிறார்கள். முகங்களை மறைத்துக் காட்ட வழி இருக்கும்போது முழுவதையும் மூடுவது, ஆணையம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கையிலிருந்தே செலவழிப்பதாகும்.

வழக்குத் தொடர நினைக்கும் வேட்பாளர், அந்த 45 நாட்களுக்குள் தன் எல்லா ஏஜென்ட்டுகளிடமிருந்தும் 17-சி நகல்களைச் சேகரித்து, சாவடி எண் வரிசையில் அடுக்கி, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சாவடி வாரி இறுதி முடிவான படிவம் 20-இன் நகலை வாங்கி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பதிவான மொத்தமும் எண்ணிய மொத்தமும் எந்தச் சாவடியில் மாறுகின்றன என்று குறித்து, மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் அந்தச் சாவடிக்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்து, அந்த எண்களோடு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.